‘ரீஃப்ளோ செய்தது, நன்றாக ஓடுகிறது’: நம்பி வாங்கலாமா?

அக்கா மகன், பழைய பொருள்களை விற்கும் கரோசல் தளத்தில் பார்த்த விளம்பரம் ஒன்றை அனுப்பியிருந்தான். கிட்டத்தட்ட 20 ஆண்டுகளுக்கு முந்தைய தலைமுறை வீடியோ கேம் கன்சோல், பருத்த முதல் பதிப்பு, விலை எழுபது சிங்கப்பூர் வெள்ளி. “ரீஃப்ளோ செய்தது, நன்றாக ஓடுகிறது” என்று விற்பவர் பெருமையாக எழுதியிருக்கிறார். பழுதான பலகையைச் சூடாக்கிப் பிழைக்கவைத்தார் என்று அர்த்தம். “மாமா, உங்களிடம் இருப்பதும் இதுதானே, வாங்கலாமா?” என்று கேட்கிறான். இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் அந்த மருத்துவமனைச் சீட்டையே உடல்தகுதிச் சான்றாக நீட்டினால் எப்படி இருக்கும்? அந்த விளம்பரம் எனக்கு அப்படித்தான் பட்டது. அவனுக்கு இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். அது இப்படி வளர்ந்துவிட்டது.

என்னுடையது எந்த நிறுவனத்தின் கன்சோல் என்பது இங்கே தேவையில்லை. அந்தக் காலத்துப் பெட்டிகள் பலவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே நோய்தான். முதலில் விசிறி அலறும். பக்கத்து அறையில் இருப்பவர் “என்ன சத்தம்?” என்று கேட்கும் அளவுக்கு அலறும். பிறகு ஒரு நாள் திரையில் படமே வராது. விளக்கு நிறம் மாறிக் கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்துவிடும்.

இதற்கு எல்லாரும் சொல்லும் காரணம் சால்டர், அதாவது சில்லைப் பலகையோடு ஒட்டும் பற்றாசு. மின்னணுக் கருவிகளில் ஈயம் போன்ற அபாயப் பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்த கட்டுப்பாடு 2006 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. 183 டிகிரியில் உருகும் ஈயக் கலவை போய், 217 டிகிரியில் உருகும் ஈயமில்லாத கலவை வந்தது. சில்லுக்கு அடியில் வரிசை வரிசையாக இருக்கும் அந்தச் சால்டர் மணிகள் சூடாவதும் ஆறுவதுமாகப் பல ஆண்டுகள் விரிந்து சுருங்கி, கடைசியில் வெடிப்பு விடுகின்றன. மறுபடி உருக்கினால் ஒட்டிக்கொள்ளும். இதற்குத்தான் ரீஃப்ளோ என்று பெயர்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பாதிதான் உண்மை. எக்ஸ்பாக்ஸ் 360-இன் மூன்று சிவப்பு விளக்குக் கோளாறுக்காக மைக்ரோசாஃப்ட் 2007 ஜூலையில் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டியது. அதற்காக நூறு கோடி அமெரிக்க டாலருக்கும் மேல் ஒதுக்கியது. எது உடைந்தது என்று அவர்கள் வெளிப்படையாகப் பேசியது 2021-இல்தான். பலகையில் இருக்கும் மணிகள் உடையவில்லையாம். சில்லைச் சுமந்திருக்கும் கூடான சில்லுப் பொதிக்குள்ளேயே இருக்கும் இணைப்புகள்தான் அறுந்தனவாம். 2008-இல் என்விடியாவும் மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றின் பொதியில் பலவீனம் இருப்பதாக ஒப்புக்கொண்டு 15 முதல் 20 கோடி டாலர் வரை எடுத்துவைத்தது. பொதிக்குள் அறுந்ததை வீட்டில் யாரும் ஒட்டிவிட முடியாது. சூடு பட்டதும் எல்லாம் சற்றே விரிகிறது, அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன, அவ்வளவுதான். அந்தத் தொடுதல் ஒரு வாரம் நீடிக்கலாம், ஓர் ஆண்டும் நீடிக்கலாம்.

ரொட்டி சுடும் அடுப்பில் 200 டிகிரியில் பலகையை வைத்து எடுத்துவிட்டு “ரீஃப்ளோ செய்துவிட்டேன்” என்று காணொளி போடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல் வருகிறது. 217-இல் உருக வேண்டியது 200-இல் எப்படி உருகும்? ஆனாலும் கன்சோல் எழுந்துவிடுகிறது. எழுந்ததையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள், அது மறுபடி படுத்த நாளில் யாரும் காணொளி போடுவதில்லை. கன்சோலைத் துண்டில் சுற்றி அதன் சூட்டிலேயே வேகவைக்கும் வித்தையும் ஒன்று உண்டு. அடுக்குமாடியில் குடியிருக்கிறவர்கள் அதை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

“அப்படியென்றால் நீங்கள் ஏன் செய்தீர்கள்?” என்று அடுத்து கேட்பான். சேமித்து வைத்த ஆட்டங்களுக்காகத்தான் செய்தேன். இந்தப் பெட்டியின் மீது எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டென்றால் அது சூடு அல்ல, இதுதான். வன்தட்டு அந்தந்தப் பலகைக்கே உரிய சாவியால் பூட்டப்பட்டிருக்கிறது. கழற்றிக் கணினியில் செருகினால் ஒன்றும் படிக்க முடியாது. அதே ரகக் கன்சோல் இன்னொன்றில் செருகினால், எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்கட்டுமா என்று கேட்கும். பலகை செத்தால் எல்லாம் செத்தது. திருமணமான புதிதில் மனைவியும் நானும் பின்னிரவு வரை உட்கார்ந்து முடித்த ஆட்டங்கள் அதற்குள் இருந்தன. கடை ஒன்றில் விசாரித்தேன். ரீஃப்ளோவுக்குக் கன்சோலின் பாதி விலையைக் கேட்டு, ஒரு மாத உத்தரவாதம் என்றார்கள். வேலை எவ்வளவு காலம் தாங்கும் என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது.

வெப்பக் காற்றுத் துப்பாக்கி, அடியிலிருந்து சூடேற்றும் தட்டு, வெப்பநிலை காட்டும் கம்பி, சால்டர் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் எல்லாமே ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவரில் கிடைத்தன. நம் ஊரில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. இந்த ஈரப்பதத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்த சில்லுப் பொதி ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். ஒரேயடியாக 200-க்கு மேல் கொண்டுபோனால் அந்த ஈரம் நீராவியாகிப் பொதியை உள்ளிருந்தே பிளந்துவிடும். அதனால் முதலில் 125 டிகிரியில் பல மணி நேரம் உலர்த்த வேண்டும். நான் பார்த்த காணொளிகள் எதிலும் இந்தப் பேச்சே இல்லை. உலர்த்துவதற்கென்று சிறிய அடுப்பு ஒன்றை ஒதுக்கினேன். அதில் இனி ஒருபோதும் உணவு வைக்கக் கூடாது.

சில்லின் உலோக மூடியை மெல்லிய தகடு செருகிக் கழற்றியதும் உண்மையான குற்றவாளி தெரிந்தான். சில்லின் சூட்டை மூடிக்குக் கடத்த வேண்டிய பசை காய்ந்து வெடித்து, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. விசிறி அத்தனை நாள் அலறியும் பயனில்லாமல் போனது இதனால்தான்.

சுற்றியிருந்த பாகங்களை அலுமினியத் தாளால் மூடினேன். கீழிருந்து மெதுவாகச் சூடேற்றி, மேலே காற்றைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினேன். அளவி 225-ஐத் தாண்டியதும் சில்லின் ஓரத்தில் இருந்த கடுகளவு மின்தேக்கி ஒன்றை இடுக்கி முனையால் லேசாகத் தள்ளிப் பார்த்தேன். நகர்ந்தது, விட்டதும் தானாகவே வழுக்கிக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. உருகிவிட்டதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. சில்லையே தள்ளிப் பார்க்க ஆசை வரும், அதை அடக்கிக்கொள்ள வேண்டும். முழுவதும் ஆறும் வரை பலகையைத் தொடவே கூடாது. இடையில் ஃப்ளக்ஸ் புகை கூடத்துக்குப் பரவி, 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் கட்டாயமாகிவிட்ட தீ எச்சரிக்கைக் கருவி கத்தத் தொடங்கியது. எதிர்வீட்டு மலாய்க்காரப் பாட்டி கதவைத் தட்டி நலம் விசாரித்தார்.

கன்சோல் எழுந்தது. அன்றிரவே சேமிப்புகளை வெளித்தட்டுக்கு மாற்றினேன். அப்போதும் சில ஆட்டங்கள் பிரதி எடுக்க அனுமதியில்லை என்றன. பூட்டுக்குள் இன்னொரு பூட்டு! இதை வடிவமைத்தவரை நேரில் பார்த்தால் கேட்க என்னிடம் கேள்விகள் இருக்கின்றன.

நான் எதிர்பாராதது அதன் பிறகு கிடைத்த அமைதி. புதுப் பசை வைத்து, விசிறி இதழ்களில் படிந்திருந்த தூசியைச் சுரண்டி எடுத்த பிறகு பெட்டி ஓடுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஆட்டத்தில் மழை பெய்தால் மழைச் சத்தம் கேட்கிறது. இத்தனை ஆண்டுகளில் அந்த இடத்தில் மழை பெய்கிறது என்பதே எனக்குத் தெரியாது. இதற்கு ரீஃப்ளோ தேவையே இல்லை. கன்சோல் சாவதற்கு முன்பே பசையை மாற்றியிருந்தால் போதும். திருகு கழற்றத் தயங்குகிறவர்கள், பழுதுபார்க்கக் கற்றுத்தர 2014 முதல் நடந்துவரும் ரிப்பேர் கோப்பித்தியாம் போன்ற இடங்களில் தன்னார்வலர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பழகிக்கொள்ளலாம்.

என் கன்சோல் இன்னும் ஓடுகிறது. மேலே நான் எழுதிய கணக்குப்படி அது எப்போதோ செத்திருக்க வேண்டும். இதை ரீஃப்ளோவின் வெற்றி என்று சொல்ல மாட்டேன். பெட்டி இப்போது முன்போலக் கொதிப்பதில்லை, அதனால் இழுத்துக்கொண்டிருக்கிறது என்பதே என் ஊகம்.

ஆகவே தம்பி, எழுபது வெள்ளிக்கு வேண்டாம். ‘ரீஃப்ளோ செய்தது’ என்றால் ஒரு முறை செத்தது என்று பொருள். பிந்தைய மெலிந்த பதிப்பை வாங்கு. சில்லு சிறியது, சூடு குறைவு, மின்சாரமும் மிச்சம். ஆனால் உன்னிடம் இருக்கும் முந்தைய தலைமுறைக் கன்சோலின் ஆட்டத் தட்டுகள் மெலிந்ததில் ஓடாது, பருத்ததில்தான் ஓடும். அதற்காகத்தான் கேட்கிறாய் என்றால் முப்பதுக்குப் பேசிப் பார். விற்பவர் வீட்டிலேயே கனமான ஆட்டம் ஒன்றை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடு. வாங்கியதும் நேராக என் வீட்டுக்குக் கொண்டு வா; மூடியைக் கழற்றிப் பசையை மாற்றிய பிறகுதான் தட்டைப் போட வேண்டும்.