ஆறு பேர், 1200 ரூபாய்: எந்த அளவு பீட்சா?

ஆளுக்கு 200 ரூபாய் போட்டுப் பீட்சா வாங்கலாம் என்று முடிவானதும் பேச்சு அளவுக்கு வந்து நிற்கும். லார்ஜ் இரண்டா, மீடியம் மூன்றா, ஆளுக்கொரு ரெகுலரா? பெரும்பாலும் துண்டுகளை எண்ணித்தான் முடிவெடுக்கிறார்கள். ரெகுலரில் 4, மீடியத்தில் 6, லார்ஜில் 8 துண்டு. ஆறு ரெகுலர் வாங்கினால் 24 துண்டு கிடைக்கும், இரண்டு லார்ஜில் 16தான். அப்போது ரெகுலர்தானே லாபம் என்று தோன்றும். அப்படி இல்லை.

வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான் இங்கே விஷயம். நம் ஊர்ச் செயின் கடைகளில் ரெகுலர் சுமாராக 7 இன்ச், மீடியம் 10, லார்ஜ் 13 இருக்கும். அந்தந்த எண்ணை அதனாலேயே பெருக்கினால் 49, 100, 169. இரண்டு ரெகுலர் சேர்ந்தால் ஒரு மீடியம். ஒரு லார்ஜோ கிட்டத்தட்ட மூன்றரை ரெகுலர். இந்த எண்களை 0.785ஆல் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு சதுர இன்ச்சில் கிடைக்கும். அதைத் துண்டுகளால் வகுத்துப் பார்த்தால் ரெகுலர் துண்டு 9.6 சதுர இன்ச், லார்ஜ் துண்டு 16.6. இரண்டையும் “ஒரு துண்டு” என்று எண்ணுவது எப்படிச் சரியாகும்?

இப்போது 1200 ரூபாய்க்கு வருவோம். விலை கடைக்குக் கடை மாறும் என்பதால், கணக்குக்காக ரெகுலர் 200, மீடியம் 400, லார்ஜ் 600 என்று வைத்துக்கொள்வோம். இந்த விலையில் ஆறு ரெகுலரும் மூன்று மீடியமும் இரண்டு லார்ஜும் ஒரே 1200தான். ஆனால் ரெகுலரில் கிடைப்பது 231 சதுர இன்ச், மீடியத்தில் 236, லார்ஜில் 265.

இதோடு நிறுத்தினால் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஓரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சீஸும் காய்கறியும் கோழியும் படாத வெறும் ரொட்டி ஓரம் எல்லா அளவிலும் ஏறக்குறைய ஒரே அகலத்தில்தான் இருக்கிறது. சுற்றிலும் ஒரு இன்ச் போய்விடுகிறது என்று வைத்தால், 7 இன்ச் பீட்சாவில் டாப்பிங் இருப்பது நடுவில் 5 இன்ச் மட்டுமே, அதாவது பரப்பில் பாதி. மீடியத்தில் 64 சதவீதம், லார்ஜில் 72 சதவீதம் தேறும். அதே 1200 ரூபாய்க்கு டாப்பிங் உள்ள பரப்பு ஆறு ரெகுலரில் 118 சதுர இன்ச், மூன்று மீடியத்தில் 151, இரண்டு லார்ஜில் 190. நாம் காசு கொடுப்பதே அந்த டாப்பிங்குக்குத்தான். அதனால் ஆறு பேருக்கு ஆறு ரெகுலர் வாங்குவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்கள் கடை விலைக்கு இதைப் பொருத்த இரண்டு எண்கள் போதும். மீடியம் விலை ரெகுலரைப் போல இரண்டு மடங்கைத் தாண்டாவிட்டால் மீடியம் நல்லது. லார்ஜ் விலை மீடியத்தைப் போல 1.7 மடங்குக்குள் இருந்தால் லார்ஜ் நல்லது. “ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்” மாதிரிச் சலுகை மீடியத்துக்கு மட்டும் இருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும், அன்றைக்கு மீடியமே வாங்குங்கள். அப்புறம், லார்ஜ் என்ற பெயரை நம்பாமல் எத்தனை இன்ச் என்று கேளுங்கள். ஒரு கடையின் லார்ஜ் இன்னொரு கடையில் மீடியமாக இருக்கலாம்.

தடிமன் தனிக் கதை. அதே 10 இன்ச்சில் தடித்த ரொட்டியுள்ள பான் பீட்சா வயிற்றை நிரப்பும், மெல்லிய கிரஸ்ட் (அடி ரொட்டி) உள்ளது நிரப்பாது. 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரியையும் பரிமாறும் அளவையும் காட்ட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. டயட்டில் இருப்பவர்கள் மட்டும் பார்க்கும் எண் இல்லை அது. பசியோடு இருக்கும் கூட்டத்துக்கு எது எவ்வளவு தாங்கும் என்பதையும் அதை வைத்தே ஒப்பிடலாம்.

சரி, எப்போதும் லார்ஜ்தானா? எல்லோரும் ஒரே வகை சாப்பிடுவதாக இருந்தால் ஆமாம். ஆனால் நம் ஊரில் ஆறு பேர் உட்கார்ந்தால் அதில் ஓரிருவர் சைவம். புரட்டாசியில் அந்த எண்ணிக்கை இன்னும் கூடும். நான்கு பேர் அசைவம், இரண்டு பேர் சைவம் என்றால் சிக்கனில் ஒரு லார்ஜ், பனீரிலோ காய்கறியிலோ ஒரு மீடியம் சொல்லலாம். நம் கணக்கு விலையில் 1000 ரூபாய். மீதி 200க்கு கார்லிக் பிரெட் வரும். பரப்பைப் பங்கிட்டால் அசைவக்காரருக்கு 33 சதுர இன்ச், சைவக்காரருக்கு 39.

சைவத்துக்குச் சற்றுக் கூடுதலாக விழுவது வேண்டுமென்றே வைத்ததுதான். அசைவம் சாப்பிடுபவர்கள் பனீர் பீட்சாவிலும் ஒரு துண்டு எடுப்பார்கள், சைவக்காரர் சிக்கன் பெட்டியைத் தொட முடியாது. சைவப் பெட்டி முதலில் காலியாகி, அவர்கள் கார்லிக் பிரெட்டோடு உட்கார்ந்திருப்பதை எத்தனையோ விருந்தில் பார்க்கலாம். பணம் எல்லோரும் சமமாகத்தான் போடுகிறார்கள். அதனால் சைவத்தில் எப்போதும் ஒரு படி பெரிய அளவைச் சொல்லுங்கள்.

ரெகுலருக்கு இரண்டு இடம் உண்டு: தனியாளுக்கு, அப்புறம் வெறும் சீஸ் தவிர எதையும் தொடாத குழந்தைக்கு.

மெனுவில் “4 பேருக்கு” என்று போட்டிருக்கும் லார்ஜில் ஆளுக்கு 2 துண்டுதான் வரும். மாலைச் சிற்றுண்டிக்கு அது சரி. இரவுச் சாப்பாடே அதுதான் என்றால் நன்றாகச் சாப்பிடும் மூன்று பேருக்கு ஒரு லார்ஜ் என்று கணக்கு வையுங்கள். மிஞ்சினால் பயமில்லை. 13 இன்ச் பெட்டி பல வீட்டு ஃப்ரிட்ஜில் நுழையாது, துண்டுகளை டப்பாவில் போட்டு வையுங்கள். மறுநாள் தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து, துண்டை அதில் இட்டு மூடி போட்டால் அடிப்பக்கம் மொறுமொறுப்பாகும், சீஸும் மறுபடி இளகும். மைக்ரோவேவில் வைத்தால் ரொட்டி தொளதொளத்துவிடும்.