வீட்டு சிங்கிள் பேஸில் லேத்: வி.எஃப்.டி.யோடு 4 வருஷம்

போன வாரம் என் லேத்தின் வி.எஃப்.டி.யில் விசிறியை மாற்றினேன். வீட்டு சிங்கிள் பேஸை மூணு பேஸாக்கி, மோட்டாரின் வேகத்தையும் கூட்டிக் குறைக்கிற பெட்டி அது, டிரைவ் என்றும் சொல்வோம். 4 வருஷத்தில் அது கேட்ட முதல் செலவு. அன்று ராத்திரியே நண்பனின் போன். "உன் லேத் வீட்டு லைன்லதானே ஓடுது? நான் ஒரு மில்லிங் மெஷின் பார்த்து வெச்சிருக்கேன், மூணு பேஸ் மோட்டார். உன்ன மாதிரியே டிரைவ் போட்டுடலாமாடா?" உடனே பதில் வரவில்லை எனக்கு. மனசு அந்த நேரம் சூடாக இருந்தது.

என்னுடையது 1.5 கிலோவாட் மோட்டார். பிளேட்டில் 230/400 வோல்ட், 6.1/3.5 ஆம்பியர். சிங்கிள் பேஸ் 230 உள்ளே போனால் மூணு பேஸ் 230தான் வெளியே வரும், 400 வராது. இது தெரியாமல் மோட்டாரை 400க்கான ஸ்டார் இணைப்பிலேயே விட்டு ஓட்டினேன். வெறுமனே சுற்றும்போது ஒரு குறையும் இல்லை. கொஞ்சம் ஆழமாக டூலைக் கொடுத்ததும் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. ஸ்டாரில் மோட்டாருக்குள் இருக்கும் ஒவ்வொரு வைண்டிங்குக்கும், அதாவது கம்பிச் சுருளுக்கும், 133 வோல்ட்தான் கிடைக்கிறது, இழுவை மூணில் ஒரு பங்காகிவிடுகிறது. டெர்மினல் பாக்ஸைத் திறந்து பட்டைகளை 230க்கான டெல்டா இணைப்புக்கு மாற்றிப் போட்ட பிறகுதான் லேத் லேத்தாக வேலை செய்தது. என் மோட்டாரில் 6 முனையும் வெளியே இருந்தது. 3 ஒயர் மட்டும் வெளியே வரும் மோட்டார் என்றால் உள்ளே புதைந்திருக்கும் ஸ்டார் முடிச்சைத் தேடிப் பிரிக்க வேண்டும். அது வைண்டிங்காரர் கை வேலை.

அதன் பிறகு கிடைத்த சுகம் இருக்கிறதே! தண்டு தடிக்கும் இடமான தோள் வரைக்கும் மரை வெட்டும்போது டிரைவின் குமிழைத் திருகி 15 ஹெர்ட்ஸுக்கு இறக்குவேன். டூல் முனை ஒவ்வொரு பல்லாக நகர்ந்து காடிக்குள் வந்து விழுவதைக் கண்ணால் பார்த்து, டூலை நகர்த்தும் ஹாஃப் நட்டை நிதானமாக விடுவேன். முன்பெல்லாம் அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். முன்னால் இருந்த சிங்கிள் பேஸ் மோட்டாரின் அதிர்வு கடைசல் பரப்பில் மெல்லிய வரிகளாகப் பதியும். இப்போது அது சுத்தமாக இல்லை. ஸ்டார்ட் ஆகும்போது வீட்டு விளக்கு மங்குவதும் நின்றுவிட்டது. 15 ஹெர்ட்ஸிலேயே வெகுநேரம் ஓட்டினால் மட்டும் மோட்டாரின் சொந்த விசிறியும் மெதுவாகிவிடும், உடம்பு சுடும். நீண்ட வேலைக்கு பெல்ட்டை மாற்றிப் போடுவதுதான் சரி.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால் லைனை வெட்டிவிடும் காவல் ஸ்விட்ச், ஆர்.சி.சி.பி.

ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, 4 வருஷம். டிரைவை ஆன் செய்வேன், வீடு முழுக்க இருட்டாகும். டிரைவில் கோளாறு கிடையாது. அதன் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் எப்போதும் கொஞ்சம் மின்சாரத்தை எர்த்துக்கு விடுகின்றன. வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் விடுகின்றன. 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கும் ஆர்.சி.சி.பி. கசிவு 15ஐத் தாண்டினால் எந்த அளவிலும் டிரிப் ஆகி விழலாம். ஆக, துணி துவைக்கும் நாளில் எனக்கு லேத் கிடையாது.

இதை நானே பெருக்கிக்கொண்டதும் உண்டு. டிரைவ் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை 4 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 4,000 முறை, ஸ்விட்ச் செய்யும்போது மோட்டார் கொசு காதோரம் பாடுவது போல விடாமல் கீச்சிடும். அரை மணி நேரத்தில் தலை வலிக்கும். அதை 12க்கு ஏற்றினேன். சத்தம் போயே போச்சு. ஆனால் மோட்டாருக்குப் போகும் கேபிள் வழியாக எர்த்துக்குக் கசிவது கூடி, டிரிப் வாரத்துக்கு ஒன்று என்றிருந்தது தினமும் ஆனது. டிரைவும் கூடுதலாகச் சூடானது. விசிறி ஓயாமல் ஓடித் தேய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன். லைனைப் பிடுங்கி, 10 நிமிஷம் காத்திருந்து, மீட்டர் வைத்து உள்ளே தேங்கியிருக்கும் டிசி மின்சாரம் இறங்கியதா என்று பார்த்துவிட்டுத் திறந்தால், விசிறி இறக்கையில் எண்ணெய்ப் பசையோடு இரும்புத்தூள் சாம்பல் நிறக் கம்பளிபோல அப்பியிருந்தது. கிரைண்டருக்கு அடுத்த சுவரில் டிரைவை மாட்டியது என் தப்பு. இடத்தையும் மாற்றிவிட்டேன்.

ஆர்.சி.சி.பி.யையே கழற்றிவிடு என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். இரும்பு மெஷினைத் தொட்டுக்கொண்டு வேலை செய்கிறவன் அதைச் செய்யவே கூடாது. கடைசியில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பட்டறைக்கு மெயினிலிருந்தே தனி சர்க்யூட், டிரைவின் மேனுவல் கேட்கிற வகையில் அதற்கென்று தனி ஆர்.சி.சி.பி., உலோக உறை போட்ட குட்டையான ஷீல்டு கேபிள் என்று மாற்றினோம். ஸ்விட்ச் செய்யும் அதிர்வெண்ணை 8 கிலோஹெர்ட்ஸில் வைத்திருக்கிறேன். 2 மாசமாக டிரிப் இல்லை. கீச்சுச் சத்தம் லேசாக இருக்கிறது. முதல் நாளே இதை ஒருவர் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

நண்பனிடம் பிளேட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். 400/690 என்று இருந்தது, 3 கிலோவாட். டெல்டாவிலேயே 400 கேட்கிற மோட்டார். 230 டிரைவில் 29 ஹெர்ட்ஸ் வரைதான் முழு இழுவை கிடைக்கும், அதற்கு மேல் தொய்ந்துவிடும். "வேணாம்டா. மூணு பேஸ் கனெக்‌ஷனுக்கே எழுதிக் கொடு" என்றேன்.

"அப்போ நீயும் கனெக்‌ஷன் வாங்கிட்டா டிரைவை எனக்குக் கொடுத்துடுவியா?" என்றான்.

தர மாட்டேன். மூணு பேஸ் வந்தாலும் என் லேத்துக்கு அந்தக் குமிழ் வேண்டும்.