முன் ஆக்சிலை வெட்டக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பழைய பிக்கப், ஜீப், வேன் வைத்திருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். இரண்டு முன் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் ஒற்றை இரும்பு அச்சான முன் ஆக்சிலையும் கமான் பட்டையையும் கழற்றிவிட்டு, காரில் இருப்பதுபோல இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் போட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து ஒரு வாரம் பொறுங்கள். நான் பொறுக்கவில்லை. ஒரு லட்சத்து எழுபதாயிரம் ரூபாய் போனது. பணத்தால் திரும்ப வாங்க முடியாத ஒரு பொருளும் கூடவே போனது.

எங்கள் வண்டி 1951 செவர்லே அரை டன் பிக்கப். தாத்தா எஸ்டேட் ஏலம் ஒன்றில் எடுத்தது. களக்காட்டுத் தோட்டத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு நெல்லைக்கு வந்து போய், எங்கள் வீட்டில் மூன்று பேரைப் படிக்க வைத்த வண்டி. இப்போது லோடு அடிப்பதில்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்கும் வீட்டுக் கல்யாணத்துக்கும் எடுப்போம், அவ்வளவுதான்.

இரண்டு வருஷமாக வண்டி நேராகப் போகாமல் அலைந்தது. ஐம்பதைத் தாண்டினால் ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். போன ஆடியில் நாகர்கோவிலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பணகுடி தாண்டியதும் பக்கவாட்டுக் காற்று அடிக்க ஆரம்பித்தது. ஆரல்வாய்மொழி வருவதற்குள் என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஊர் திரும்பியதும் பைபாஸ் பக்கம் ஒரு பட்டறையில் காட்டினேன். பழைய வண்டிகளைப் புதுப்பித்துத் தருகிறவர்கள் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார்.

அங்கிருந்தவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். "அண்ணாச்சி, இது மாட்டுவண்டி அச்சு. ஒரு சக்கரம் பள்ளத்துல இறங்குனா மத்ததும் சேர்ந்து சாயத்தான செய்யும். இன்டிபென்டன்ட் போட்டுருங்க, கார் மாதிரி போவும்" என்றார். போனில் வெளிநாட்டு வண்டிப் படங்களைக் காட்டினார். அவர் சொன்னதில் பாதி உண்மை. ஒற்றை ஆக்சில் வண்டி அப்படித்தான் குலுங்கும். செவர்லே கம்பெனியே 1960இல்தான் பிக்கப்புக்கு முன்பக்க இன்டிபென்டன்ட் கொடுத்தது. ஆனால் என் வண்டி அலைந்ததற்குக் காரணம் அது இல்லை. 1951இலிருந்து அதே ஆக்சிலில் நேராகப் போன வண்டி திடீரென்று எப்படி அலையும்? இந்தக் கேள்வி அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. அவரும் ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு பேட்டையில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். நாற்பது வருஷம் லாரி வேலை பார்த்தவர். நான் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்ட முதல் கேள்வி: "கிங் பின் பாத்தாவளா தம்பி?" முன் சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்கு ஆக்சில் முனையில் அச்சாக இருக்கும் ஆணிதான் கிங் பின். யாரும் பார்க்கவில்லை என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் எழுந்துபோய், வாசலில் நின்ற ஒரு பழைய லாரியின் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினார். டயரின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து உள்ளும் வெளியும் ஆட்டினார். டக் டக் என்று சத்தம் வந்தது. பையனை உள்ளே ஏறி பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் ஆட்டினார். சத்தம் நிற்கவில்லை. பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங் லூஸ். நிற்காவிட்டால் கிங் பின்னும் அதைச் சுற்றி இருக்கும் புஷ்ஷும் தேய்ந்திருக்கிறது. கிங் பின்னும் புஷ்ஷும் புதிதாக அடித்து, ரீமர் விட்டு அளவு சரிசெய்து, கமான் பட்டையின் முனையில் இருக்கும் சேக்கிள் புஷ்ஷையும் மாற்றினால் வண்டி கோடு போட்ட மாதிரி போகும் என்றார். கிங் பின் கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்துகொள்ளலாம், இருபத்தையாயிரத்துக்குள் முடிந்திருக்கும் என்றார். உங்கள் வண்டியில் இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். ஐந்து நிமிஷ வேலை.

பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாதத்தில் தருகிறேன் என்றவர் நாலரை மாதம் எடுத்துக்கொண்டார். அமெரிக்காவில் இந்த வண்டிகளுக்கென்றே கிட் விற்கிறார்கள். அதில் வரும் ஸ்டியரிங் பெரும்பாலும் அந்த ஊர் இடதுபக்க ஓட்டுக்கானது. அதனால் ஸ்கிராப்பில் கிடந்த ஒரு ஜீப் வகை வண்டியின் முன்பக்கத்தை வாங்கி, அதன் குறுக்குச் சட்டத்தை, அதாவது கிராஸ் மெம்பரை, எங்கள் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் வைத்து வெல்டிங் அடித்துவிட்டார். அது எங்கள் வண்டிக்கு அகலம் அதிகம். நடுவில் 60 மில்லிமீட்டர் வெட்டி ஒட்டினார். அப்படி வெட்டினால் நடுவில் இருக்கும் ஸ்டியரிங் ராடையும் அதே அளவு குறைக்க வேண்டும். அவர் அதைத் தொடாமல், அதிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் இரண்டு ஓரத்து டை ராடையும் 30, 30 மில்லிமீட்டர் குறைத்துவிட்டார். இதன் பலன் ரோட்டில்தான் தெரிந்தது.

சேரன்மகாதேவி ரோட்டில் முதல் ஓட்டம். ஒரு பாலத்து மேட்டில் ஏறி இறங்கினேன், ஸ்டியரிங் தானாகக் கையைப் பிடுங்கிக்கொண்டு இடதுபக்கம் போனது. எதிரே பஸ் வரவில்லை. அன்றைக்குப் பிழைத்தது அதனால்தான். சக்கரத்தைச் சேசிஸோடு பிடித்திருக்கும் ஆர்ம் ஆடும் கணக்கும் டை ராட் ஆடும் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் மேலே ஏறும்போதெல்லாம் டை ராட் அதை ஒரு பக்கம் திருப்பிவிடும். பிரேக்கும் சரியில்லை. முன்னால் டிஸ்க் பிரேக் போட்டவர், பிரேக் ஆயிலைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டரையே விட்டுவிட்டார். டிரம் பிரேக்குக்கான அந்தச் சிலிண்டர் லைனில் கொஞ்சம் பிரஷரைப் பிடித்து வைத்திருக்கும். அது டிஸ்க் பேடை விடாமல் உரசிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வரும்போது முன் சக்கரத்தில் கை வைக்க முடியவில்லை. இன்னொன்று, பின் சக்கரத்தில் 6 போல்ட், முன்னால் இப்போது 5. ஒரு ஸ்டெப்னி போதாது.

அறுநூறு கிலோமீட்டரில் வலது டயரின் உள்பக்கம் நூல் தெரிந்தது. அலைன்மெண்ட் கடையில் இருந்த தம்பி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சார், இதுல திருப்பி வைக்கதுக்கே இடமில்ல" என்று பணம் வாங்காமல் அனுப்பினான். அவனுக்கு என் நன்றி.

அன்று மாலை வீட்டுச் சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்தி, கொத்தனாரிடம் தூக்குக்குண்டு இரவல் வாங்கினேன். நான்கு சக்கர மையத்திலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து டேப் பிடித்தோம். இந்த வண்டிக்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 116 அங்குலம், அதாவது 2946 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இடதுபக்கம் 2944. வலதுபக்கம் 2927. குறுக்கு அளவும் ஒத்துவரவில்லை. கிராஸ் மெம்பர் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. சேசிஸை மட்டம் பார்த்து ஸ்டாண்டில் நிறுத்தாமலே வெல்டிங் வைத்திருக்கிறார்கள்.

டார்ச் அடித்து அடியில் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. வலது மேல் ஆர்ம் பிராக்கெட்டின் வெல்டிங் ஓரத்தில் முடி போல ஒரு கோடு. கோட்டில் துருப்பொடி. நகத்தால் கீறினேன், நகம் உள்ளே இறங்கியது. பெயிண்டையும் துருவையும் தேய்க்காமல் அதன் மேலேயே வெல்டிங் வைத்திருந்தார்கள். திறந்த சேனலாக இருக்கும் சேசிஸுக்கு உள்ளே தகடு வைத்து மூடிப் பலப்படுத்தவும் இல்லை. இந்த வண்டியின் பின்னால் கொடையன்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பத்துப் பேர் ஏறுவார்கள்.

சரி, பழைய ஆக்சிலைத் திருப்பித் தாருங்கள், அதையே மாட்டிக்கொள்கிறேன் என்று போய் நின்றேன். "அதை எடைக்குப் போட்டாச்சே அண்ணாச்சி" என்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரும்புக் கடைக்கு ஓடினேன். லோடு போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அப்பா இதைக் கேட்டுவிட்டு ஒன்றுமே சொல்லாமல் எழுந்து போனார். கழற்றிய சாமான் ஒவ்வொன்றையும் அன்றன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், போல்ட் முதற்கொண்டு.

ஆர்சி விஷயத்திலும் என்னை ஏமாற்றினார். "அதுல ஒண்ணும் மாறாது" என்றார். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவில், கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று இருக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. விபத்து நடந்திருந்தால் இன்சூரன்ஸ்காரர்களுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

பில் தரவில்லை. வெள்ளைத் தாளில் ஒரு எஸ்டிமேட், அவ்வளவுதான். நல்லவேளையாகப் பணத்தை மூன்று தவணையிலும் போன் வழியாகவே அனுப்பினேன். அந்த ரசீதும் அவர் அனுப்பிய வேலைப் படங்களும் இருக்கின்றன. இவற்றை வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். அதற்கு இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு என்பதைப் பலர் தெரிந்துகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள்.

வண்டி இப்போது ஷெட்டில் கட்டை மேல் நிற்கிறது. பேட்டைப் பெரியவர் வந்து பார்த்தார். வெல்டிங்கை வெட்டி எடுத்துவிட்டு சேசிஸைச் சரிசெய்துவிடலாம், ஆக்சில் கிடைத்தால் தானே நின்று மாட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். 1947 முதல் 1953 வரை வந்த செவர்லே அரை டன் பிக்கப்பின் முன் ஆக்சில் யாரிடமாவது, எந்தத் தோட்டத்து ஷெட்டிலாவது கிடந்தால் சொல்லுங்கள். கிங் பின் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை. எந்த ஊராக இருந்தாலும் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.