அலிகேட்டர் பொம்மை செட்: தாய்க்கு முழு மார்க், அட்டைக்கு முட்டை

ஊட்டி கமர்சியல் ரோட்டில் ஒரு பொம்மைக் கடையில் 480 ரூபாய்க்கு வாங்கினேன். அலிகேட்டர் என்பது அமெரிக்காவில் வாழும், முதலைக்குச் சொந்தக்கார விலங்கு. அதன் முட்டை, ஓட்டை உடைத்து வரும் குஞ்சு, வளர்ந்த குட்டி, தாய் என்று நான்கு ரப்பர் உருவங்கள். மசினகுடிப் பக்கம் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். மாயாற்றில் முதலையை நேரில் பார்த்த பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு; அவர்களிடம் ஏனோதானோவென்று எதையும் காட்ட முடியாது.

தாய் உருவம் அருமை. அகன்று மழுங்கிய மூக்கு. வாயை மூடினால் கீழ்த்தாடையின் நான்காவது பல் மறைந்துவிடுகிறது, நம்ம ஊர் முதலைக்கு அது வெளியே தெரியும். குஞ்சின் கறுப்பு உடம்பில் மஞ்சள் பட்டைகள்கூட சரி. அளவுதான் தப்பு. நிஜத்தில் ஏறக்குறைய ஒரு சாண் அளவே இருக்கும் குஞ்சு, இதில் தாயில் பாதி.

அதனால், தாய் குஞ்சை வாயில் கவ்விப்போவதைக் காட்டப் பார்த்தால், குஞ்சு வாய்க்குள் நுழையவில்லை. ஒரு பையன் முட்டையை வைத்துப் பார்த்தான், நுழைந்தது.

"டீச்சர், முட்டையைத் தின்னுது!"

"இல்லடா கண்ணு, உடைச்சுக் குடுக்குது."

உண்மையும் அதுதான். வெளிவரத் திணறும் குஞ்சு இருந்தால், தாய் அந்த முட்டையை வாயில் வைத்து உருட்டி ஓட்டை மெல்ல உடைத்துவிடும்.

கூட வந்த விளக்க அட்டை மகா மோசம். மணலில் முட்டையிட்டுவிட்டுத் தாய் போய்விடுமாம்! அலிகேட்டர் ஜூன் கடைசி, ஜூலை வாக்கில் புல், நாணல், சேறு எல்லாம் வாரி மேடு கட்டி, உள்ளே 35 முதல் 50 முட்டை வரை இடும். எருக்குழியில் கை வைத்தால் சுடுமே, அதுபோல் தழை மட்கும் சூடும் முட்டைக்குக் கிடைக்கும். ஆணா பெண்ணா என்பதும் அந்தச் சூட்டில்தான்: 33 டிகிரியை ஒட்டினால் பெரும்பாலும் ஆண், 30க்குக் கீழே பெண். ராக்கூன் என்ற சிறு அமெரிக்க விலங்கு முட்டை திருட வரும் என்பதால் சுமார் 65 நாள் தாய் பக்கத்திலேயே கிடக்கும். முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் கத்தியதும் மேட்டைப் பிரித்து, வாயில் கவ்வித் தண்ணீரில் விடும். பிறகும் ஒரு வருஷம்போல குஞ்சுகள் தாயை ஒட்டியே இருக்கும்.

நம்ம ஆற்று முதலை கரையில் குழி தோண்டித்தான் முட்டையிடும். ஆனால் அதுவும் விட்டுவிட்டுப் போகாது. அப்பன் முதலைகூடக் குஞ்சுகளைக் கவ்விப்போய்த் தண்ணீரில் விட்டதைப் பார்த்திருக்கிறார்கள்.

ஐந்துக்கு மூன்று. தாய்க்காகவும் முட்டைக்காகவும் தாராளமாக வாங்கலாம், அட்டையை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். செய்தவர்கள் அடுத்த முறை ஒரு கூட்டையும், தாயின் வாய்க்குள் அடங்கும் குஞ்சையும் சேர்க்க வேண்டும்.