ரேடாரா, ஏஐஎஸ்ஸா?

இரவில் எதிரே வரும் கப்பலை அறிய மாலுமிக்கு இரண்டு திரைகள் உண்டு. ரேடார் தானே அலையை அனுப்பி எதிரொலியைப் பிடிக்கும். யாருடைய தயவும் வேண்டாம். ஆனால் தெரிவது பெயரில்லாத ஒரு புள்ளிதான். கடல் கொந்தளித்தால் சின்ன ஃபைபர் படகு அலைகள் எழுப்பும் புள்ளிக் கூட்டத்தில் காணாமல் போய்விடும்.

ஏஐஎஸ், அதாவது தானியங்கி அடையாள அமைப்பு, வேறு ரகம். அது உள்ள ஒவ்வொரு கப்பலும் தன் பெயர், இடம், வேகம், திசை எல்லாவற்றையும் விஎச்எஃப் ரேடியோ அலைவரிசையில் சொல்லிக்கொண்டே இருக்கும். இடமும் வேகமும் திசையும் ஓடும்போது 2 முதல் 10 விநாடிக்கு ஒருமுறை, நங்கூரமிட்டால் 3 நிமிடத்துக்கு ஒருமுறை. தீவுக்குப் பின்னால் இருக்கும் கப்பல்கூடப் பல நேரம் தெரிந்துவிடும். அப்புறம், பெயர் சொல்லியே வயர்லெஸ்ஸில் கூப்பிடலாம். நெரிசலான ஜலசந்தியில் இது சின்ன விஷயமில்லை.

சரி, எதிராளி வாயைத் திறக்காவிட்டால்? 2017 ஜூனில் ஜப்பான் அருகே சரக்குக் கப்பலுடன் மோதிய அமெரிக்கப் போர்க்கப்பல் ஃபிட்ஸ்ஜெரால்ட் ஏஐஎஸ்ஸில் தன் இருப்பைச் சொல்லவில்லை. 7 மாலுமிகள் இறந்தார்கள். ஏஐஎஸ் சொல்லும் இடமும் ஜிபிஎஸ் தருவதுதான்; அதே மாதம் கருங்கடலில் ஜிபிஎஸ் குழம்பியதில், கடலில் நின்ற கப்பல்கள் விமான நிலையத்தில் இருப்பதாகக் காட்டின. ரேடார் தூரத்தை அளக்க ஜிபிஎஸ் தேவையே இல்லை.

என்னைக் கேட்டால், மோதலைத் தவிர்க்க முதலில் ரேடார், ஆளை அடையாளம் காண ஏஐஎஸ். சர்வதேசப் பயணத்தில் 300 டன்னுக்குக் குறைந்த சரக்குக் கப்பல்களுக்குச் சர்வதேச விதிப்படி ஏஐஎஸ் கட்டாயமும் இல்லை.