சாவி ஏறும் ஆட்டோமேட்டிக்: சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ்

கணக்கெழுதும் வேலை எனக்கு. நாற்காலியில் உட்கார்ந்தால் மாலை வரை கை கீபோர்டை விட்டு அதிகம் நகராது. கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் வாட்சை என்னைப் போன்றவர்கள் வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம்; பக்கவாட்டில் இருக்கும் குமிழான திருகு வழியாகவும் சாவி கொடுக்க முடியுமா என்று மட்டும் முதலில் கேளுங்கள். 2019இல் வந்த சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் வரிசையை எல்லோரிடமும் நான் சிபாரிசு செய்வது இதற்காகத்தான். என்னிடம் இருப்பது கறுப்பு டயல், எஸ்ஆர்பிடி55.

அதற்கு முந்தைய சீக்கோ 5 பலவற்றில் இருந்த 7எஸ்26 மெஷினுக்குத் திருகால் சாவி ஏறாது. நின்றுவிட்டால் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டித்தான் ஓடவைக்க வேண்டும். 1963இல் வந்த முதல் சீக்கோ 5இல் திருகை 4 மணிப் பக்கம் உள்ளடங்க வைத்ததே, சாவி கொடுக்கும் தேவை இல்லை என்பதால்தான். புதிய 4ஆர்36 மெஷினில் திருகு அதே இடத்தில் இருக்கிறது, ஆனால் சாவி ஏறும். நேரம் வைக்கும்போது நொடி முள்ளும் நிற்கும்.

சாவி கொடுக்கும் முன் வாட்சைக் கையிலிருந்து கழற்றுங்கள். கட்டியபடியே திருகினால் விரல் சாய்ந்து, திருகின் தண்டை ஒரு பக்கமாக அழுத்தும். திருகை வெளியே இழுக்க வேண்டாம். 12 மணிப் பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். எதிர்ப்பக்கம் திருப்பினால் சேதமில்லை, சாவியும் ஏறாது. அடியோடு நின்ற வாட்சுக்கு 55 சுற்று கொடுத்தால் போதும். அப்பா காலத்துச் சாவி வாட்சில் ஸ்பிரிங் நிறைந்ததும் திருகு இறுகி நிற்கும். இதில் அப்படி இறுகாது. ஸ்பிரிங்கின் வெளிமுனை அதன் உருளைச் சுவரில் வழுக்கிக்கொடுக்கும், அதனால் அறுந்துவிடும் என்ற பயம் வேண்டாம். இறுகட்டும் என்று காத்துக்கொண்டு திருகிக்கொண்டே இருக்கவும் வேண்டாம்.

முழுச் சாவிக்குச் சுமார் 41 மணி நேரம் ஓடும். வெள்ளி மாலை ஆறு மணிக்குக் கழற்றி வைத்தால் ஞாயிறு காலை பதினொரு மணி வாக்கில் நிற்கும். திங்களன்று குலுக்கிக் கட்டிக்கொண்டு ஓடுவதில் எனக்கு உடன்பாடில்லை. குலுக்கினால் முள் நகரும், ஸ்பிரிங்கில் ஏறுவதோ கொஞ்சம்தான். நாற்காலி வேலையில் அது நிறையவும் நிறையாது. இரவு கழற்றியதும் சீக்கிரமே நின்றுவிடும். காலையில் சாவி கொடுத்துவிட்டுக் கட்டினால் பகல் முழுக்கக் கை அசைவு அதைத் தாங்கிப் பிடிக்கும். கை அசையும்போது உள்ளே சுழலும் எடையான ரோட்டார் எந்தப் பக்கம் சுழன்றாலும் சாவி ஏறும். சீக்கோ 1959இல் கொண்டுவந்த 'மேஜிக் லீவர்' செய்யும் வேலை அது.

தேதியை மட்டும் இரவு 9 முதல் விடிகாலை 4 வரை மாற்றாதீர்கள். அந்நேரம் தேதிப் பற்சக்கரம் பிணைந்திருக்கும், பல் உடையலாம்.

கண்ணாடி ஹார்ட்லெக்ஸ் என்ற சீக்கோவின் கெட்டிப்படுத்திய கண்ணாடிதான், எளிதில் கீறாத சஃபையர் இல்லை, கீறல் விழும். ஒரு நாளைக்கு 45 வினாடி முந்தலாம், 35 வினாடி பிந்தலாம் என்று கம்பெனியே சொல்கிறது. நொடி சுத்தம் வேண்டுமென்றால் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் வாங்குங்கள். கேஸ் 42.5 மில்லிமீட்டர், மெலிந்த மணிக்கட்டுக்காரர்கள் கடையில் கட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.