பி.எட்.டா, பி.எல்.ஐ.எஸ்.ஸா: வேலையை விடாமல் எடுத்த முடிவு

தர்மபுரியில் ஒரு தனியார் பள்ளியில் நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்தது பி.ஏ. தமிழ் மட்டும். நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டார். "கொஞ்ச நாளைக்கு நீங்க பாத்துக்கோங்க மேடம்" என்று சாவியை என்னிடம் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் ஒரு வருடமானது. மேலே படித்தால்தான் எதிலாவது நிலைக்க முடியும் என்ற கட்டம் அப்புறம் வந்தது. ஆசிரியராக நிலைக்க பி.எட்., நூலகராக நிலைக்க பி.எல்.ஐ.எஸ். என்ற நூலக அறிவியல் பட்டம். நான் இரண்டாவதில் சேர்ந்தேன், பிறகு அதன் முதுகலையான எம்.எல்.ஐ.எஸ். முடித்தேன். என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

பி.எட்.டின் பலம் ஊருக்கே தெரியும். "டீச்சர்னா ஒரு மதிப்பும்மா, எந்த ஊருக்குப் போனாலும் பொழச்சிக்கலாம்" என்றார் மாமனார். அவர் சொன்னது சரி. ஒரு பள்ளியில் முப்பது ஆசிரியர்கள் இருந்தால் நூலகர் ஒருவர்தான். அரசுப் பள்ளிக் கனவு இருப்பவர்களுக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. அங்கே பெரும்பாலும் ஓர் ஆசிரியர்தான் நூலகத்தையும் சேர்த்துப் பார்க்கிறார். பட்டதாரி ஆசிரியராகப் போக பி.எட். வேண்டும், டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு வேண்டும், அதற்கு மேல் ஆசிரியர் தேர்வு வாரியமான டி.ஆர்.பி. நடத்தும் போட்டித் தேர்வும் வேண்டும். டெட் பாஸானதும் வேலை என்று இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

என்னை முடிவெடுக்க வைத்தது சம்பளம் நிற்குமா, நிற்காதா என்பதுதான். 2015 முதல் பி.எட். இரண்டு வருடப் படிப்பு. அதில் 20 வாரம் பள்ளிப் பயிற்சி. கல்லூரிக்குத் தினமும் போக வேண்டும், பயிற்சிக்கு அவர்கள் சொல்லும் பள்ளியில் நிற்க வேண்டும். தொலைநிலை பி.எட். உண்டே என்று கேட்பீர்கள். அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கானது. வெறும் பட்டத்தோடு வேலையில் சேர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு அந்த வழி இல்லை.

அப்போது என் சம்பளம் மாதம் 13,000. இருபத்து நாலு மாதத்துக்கு 3,12,000 ரூபாய். கல்லூரிக் கட்டணத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை. பையன் அப்போது யூகேஜி, வீட்டுக் கடன் வேறு ஓடிக்கொண்டிருந்தது. நோட்டில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவே பாதி முடிவு ஆகிவிட்டது. இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தால் அதே பள்ளியில் இடம் இருக்கும் என்று யாரும் எழுதித் தரப்போவதில்லை.

பி.எல்.ஐ.எஸ். ஒரே வருடம். தொலைநிலையில் சேர்ந்தேன். மொத்தக் கட்டணமும் என் ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கியது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குச் சேலம் போக வேண்டும். விடியற்காலை பஸ் ஏறுவேன். தொப்பூர்க் கணவாயில் லாரி ஏதாவது கவிழ்ந்திருந்தால் முதல் வகுப்பு போச்சு. சிரமம்தான், ஆனால் திங்கட்கிழமை காலை வேலையில் இருப்பேன்.

படித்ததை மறுநாளே செய்து பார்க்க முடிந்தது இதில் கிடைத்த இன்னொரு லாபம். எங்கள் நூலகத்தில் மூவாயிரத்துச் சொச்சம் புத்தகம். பதிப்பக வாரியாக அடுக்கி வைத்திருந்தார்கள், அலமாரி பார்க்க அழகாக இருக்கும். புத்தகங்களைப் பொருள் வாரியாக எண் போட்டுப் பிரிக்கும் டியூயி பகுப்பு முறையை வகுப்பில் நடத்திய வாரத்திலிருந்து, மதிய இடைவேளையில் பத்துப் பத்தாக எடுத்து எண் போட ஆரம்பித்தேன். நாட்டுப்புறக் கதைகளுக்கு 398.2, தமிழ் நாவல், சிறுகதைகளுக்கு 894.8113. அதுவரை இரண்டும் 'கதை' என்ற ஒரே தட்டில் கிடந்தன. ஒருநாள் ஆறாம் வகுப்புப் பையன் வந்து, "மிஸ், எங்க ஆயா சொல்ற மாதிரி கதை வேணும்" என்று நின்றான். முன்பென்றால் அரை மணி நேரம் துழாவியிருப்பேன். அன்று கை நேராக 398.2 ஒட்டிய தட்டுக்குப் போனது. உட்கார்ந்து அங்கேயே படித்தான், மணி அடித்தது அவன் காதில் விழவில்லை.

மேலே போகும் வழி என்று பார்த்தால், பள்ளிக்குள் நூலகருக்குப் பதவி உயர்வு கிடையாது. இது பெரிய குறைதான். பி.எட். படித்தவர், முதுகலையும் சேர்த்தால், முதுகலை ஆசிரியர், தலைமை ஆசிரியர் என்று போகலாம். நூலகருக்கு ஏணி பள்ளிக்கு வெளியே இருக்கிறது. கேந்திரிய வித்யாலயா நூலகருக்கும் அங்குள்ள பட்டதாரி ஆசிரியருக்கும் ஒரே ஊதிய நிலை, தொடக்கம் 44,900. அதற்கு பி.எல்.ஐ.எஸ். போதும், ஆனால் காலியிடம் எப்போதாவதுதான் வரும். எம்.எல்.ஐ.எஸ்.ஸோடு நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேறினால் கல்லூரி நூலகர் பணிக்கு விண்ணப்பிக்கலாம், அது உதவிப் பேராசிரியருக்கு இணையான ஊதியம். நான் இன்னும் நெட் எழுதவில்லை. ஆகவே அந்தப் படியைப் பற்றி நான் சொல்வதை அனுபவமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பொது நூலகத் துறைக்கு டி.என்.பி.எஸ்.சி. வழியாகப் போகிறவர்கள் உண்டு, அது தனிப் பாதை.

எனக்கு இதுவரை கிடைத்தது, எம்.எல்.ஐ.எஸ். முடித்த பிறகு சம்பளத்தில் 4,000 உயர்வும், வகுப்பு எடுக்காத முழுநேர நூலகர் என்ற ஆணையும். என்னோடு வேலை பார்த்த தோழி பி.எட். போனாள். இப்போது காரிமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் என்னைவிட நல்ல சம்பளம் வாங்குகிறாள். அந்த இரண்டு வருடமும் அவள் அப்பா வீட்டில் இருந்தாள், அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

தொலைநிலையில் சேர்கிறவர்கள், அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) தொலைநிலைக் கல்விப் பிரிவின் அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நேரில் போய்ப் படிக்க முடிந்தவர்களுக்குச் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலேயே நூலக அறிவியல் துறை இருக்கிறது.

போன மாதம் நாத்தனார் மகள் கேட்டாள். பி.எஸ்சி. கணக்கு முடித்திருக்கிறாள், இன்னும் எங்கும் வேலையில் சேரவில்லை, வீட்டில் படிக்க வைக்கிறார்கள். அவளுக்கு நான் பி.எட். தான் சொன்னேன்.